இஞ்சி, சர்க்கரை, ஒரு சிட்டிகை ஈஸ்ட்: வீட்டில் ஜிஞ்சர் ஏல்

இஞ்சியைத் தட்டிப் போட்டுச் சர்க்கரையோடு கொதிக்கவைத்து, வடிகட்டி, எலுமிச்சை பிழிந்தால் கிடைப்பது பானகத்துக்குப் பங்காளி. அதையே ஒரு சிட்டிகை ஈஸ்ட் சேர்த்து பாட்டிலில் இறுக மூடி ஒரு நாள் வைத்தால் ஜிஞ்சர் ஏல். இரண்டுக்கும் நடுவே இருக்கும் முக்கிய வித்தியாசம் கேஸ்தான். அந்த கேஸ் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வரவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும் என்பது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் வழக்கமான சமையல். புரியாமல் செய்தால் சமையலறைக் கூரையில் இஞ்சி ஒட்டும்.

முதலில் பெயர்க் குழப்பத்தை முடித்துக்கொள்வோம். ஜிஞ்சர் பீர் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிறந்தது. இஞ்சி, சர்க்கரை, தண்ணீரைப் புளிக்கவைத்து எடுத்த கலங்கல் பானம். ஜிஞ்சர் ஏல் அடுத்த நூற்றாண்டில் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் வந்தது. அது தெளிவாக இருக்கும், காரமும் குறைவு. 1904இல் கனடாவின் டொராண்டோவில் ஜான் மக்லாக்லின் என்ற மருந்தாளுநர் 'கனடா டிரை பேல் ஜிஞ்சர் ஏல்' கொண்டுவந்தபின் வெளிர்நிறமும் குறைந்த இனிப்புமே அதன் அடையாளமாயின. இன்று கடையில் விற்கும் ஜிஞ்சர் ஏலில் கேஸை இயந்திரம்தான் ஏற்றுகிறது. வீட்டில் ஈஸ்ட் போட்டுச் செய்வது கறாராகச் சொன்னால் ஜிஞ்சர் பீருக்குத்தான் நெருக்கம், ஆனாலும் வீட்டுச் செய்முறைகளில் இரண்டு பெயரும் கலந்தே புழங்குகின்றன. இலங்கை வாசகர்களுக்கு எலிபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பீர் நாக்கிலேயே இருக்கும். அந்தக் காரத்தை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் போதும்.

கேஸ் கணக்கு

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று இரண்டு பொருள்களை வெளியே தள்ளும். ஒன்று கரியமில வாயு, மற்றது ஆல்கஹால். எடைக்கணக்கில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. 14 கிராம் சர்க்கரை தின்றால் 7 கிராம் கேஸ், 7 கிராம் ஆல்கஹால். நன்றாகச் சுரீரென்று இருக்கும் ஒரு லிட்டர் குளிர்பானத்தில் கரைந்திருக்கும் கேஸும் அந்த 7 கிராம் அளவுதான்.

ஆனால் நாம் ஒரு லிட்டருக்குப் போடும் சர்க்கரை 80 கிராம். அதில் 14 கிராமை மட்டும் ஈஸ்ட் எடுத்துக்கொள்ள வேண்டும், மீதி 66 கிராம் இனிப்புக்காக நமக்கு. ஈஸ்டுக்கு இந்தப் பங்கீடு தெரியாது. விட்டால் 80 கிராமையும் தின்று 40 கிராம் கேஸ் விடும். அதைத் தாங்கும் வீட்டு பாட்டில் எதுவும் கிடையாது. ஜிஞ்சர் ஏல் செய்வதில் உள்ள கைப்பக்குவம் முழுக்க, ஆறில் ஒரு பங்கு தின்று முடித்த நேரத்தில் ஈஸ்டைத் தடுத்து நிறுத்துவதுதான். தடுக்கும் கருவி ஃபிரிட்ஜ்.

வெளிநாட்டுச் செய்முறைகள் பலவற்றில் '2 நாள் வெளியே வைக்கவும்' என்றிருக்கும். அது 20 டிகிரி வீட்டுக்கான கணக்கு. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ 31 டிகிரியில் 2 நாள் வைத்தால் அது பானமல்ல, வெடி. உங்கள் வீட்டின் உண்மையான கடிகாரம் இட்லி மாவு. மாவு 6 மணி நேரத்தில் பொங்கும் பருவத்தில் இதுவும் அரை நாளில் தயாராகும். மாவு ராத்திரி முழுக்க அசையாமல் கிடக்கும் மார்கழியில் ஒரு நாளுக்கு மேலும் கேட்கும். ஊட்டி, கொடைக்கானலில்தான் அந்த 2 நாள் கணக்கு சரிப்படும்.

இஞ்சி

சந்தையில் இரண்டு ரகம் கண்ணில் படும். கட்டைவிரல் பருமனில், நார் அதிகமாக, மண் ஒட்டிய நாட்டு இஞ்சி ஒன்று. உள்ளங்கை அகலத்தில் கொழுகொழுவென்று வழவழப்பாக இருப்பது மற்றொன்று. பானத்துக்கு முதலாவதே நல்லது. அதே எடைக்குக் காரமும் மணமும் கூடுதல். பெரிய இஞ்சிதான் கிடைத்தால் கால் பங்கு அதிகம் போடுங்கள். ஒடித்துப் பார்த்தால் படக்கென்று ஒடிந்து, ஒடித்த இடத்தில் ஈரம் துளிர்க்க வேண்டும். வளைந்து கொடுத்தால் பழைய சரக்கு.

பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால். கொதிக்கும்போது அதில் ஒரு பகுதி ஜிஞ்சரோன் ஆகிறது, அது காரம் குறைந்து மணம் கூடிய பொருள். காயும்போது ஷோகால் ஆகிறது, அதுவோ ஜிஞ்சராலைவிடக் காட்டமானது. சுக்குக் காப்பி தொண்டையில் இறங்கும்போது இருக்கும் அந்த எரிச்சல் ஷோகாலின் வேலை. ஆகவே மணம் வேண்டுமானால் கொதிக்கவைக்கலாம், நாக்கில் சுள்ளென்று இருக்கவேண்டுமானால் ஒரு பங்கைப் பச்சைச் சாறாகக் கடைசியில் சேர்க்கவேண்டும், தொண்டை எரியவேண்டுமானால் ஒரு துண்டு சுக்கைத் தட்டிப்போட வேண்டும். மூன்றையும் கலந்தால் கடைப் பானம் எதுவும் பக்கத்தில் வராது.

பச்சைச் சாறு எடுத்தால் அரைமணி நேரம் அசைக்காமல் வையுங்கள். கிண்ணத்தின் அடியில் சுண்ணாம்பு கரைத்ததுபோல் வெள்ளையாக ஒரு மண்டி படியும். அது இஞ்சியின் மாவுச்சத்து. கஷாயத்துக்கு இஞ்சிச் சாற்றைத் தெளியவைத்து வடிக்கும் பழக்கம் இருக்கிறதே, அதையே இங்கும் செய்யுங்கள்: மேலே உள்ள தெளிவை மட்டும் ஊற்றிக்கொண்டு மண்டியை விட்டுவிடுங்கள். விடாமல் போட்டால் கெடுதல் ஒன்றுமில்லை, பானம் கூழாகத் தெரியும், பாட்டிலைத் திறக்கும்போது அதிகம் பொங்கும்.

ஈஸ்ட் இல்லாத வழி

குழந்தைகளுக்கென்றால், அல்லது ஆல்கஹால் வாடையே கூடாதென்றால், இதுதான் உங்கள் வழி. 250 கிராம் இஞ்சியைத் தோல் சீவித் துருவி, 250 கிராம் சர்க்கரை, 250 மில்லி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்போடு சிறுதீயில் 12 நிமிடம் கொதிக்கவிடுங்கள். பாகு கம்பிப் பதத்துக்குப் போகவே கூடாது, தண்ணீராகவே இருக்கட்டும். மூடிவைத்து ஆறவிட்டுத் துணியில் பிழிந்து, 2 எலுமிச்சை பிழியுங்கள். ஃபிரிட்ஜில் 2 வாரம் நிற்கும். குடிக்கும்போது 30 மில்லி பாகை முதலில் ஊற்றி, அதன்மேல் 200 மில்லி குளிர்ந்த சோடா. வரிசை மாறினால், அதாவது சோடாமேல் பாகை ஊற்றினால், கேஸ் பாதி நுரையாகப் போய்விடும். சோடாவும் சில்லென்று இருக்கவேண்டும். பாகு மட்டும் சில்லிட்டால் போதாது.

ஈஸ்ட் போட்டுச் செய்வது

2 லிட்டர் பாட்டில் ஒன்றுக்கு:

இஞ்சி 100 கிராம்
சர்க்கரை 160 கிராம்
எலுமிச்சை 3 (சாறு 60 மில்லி அளவு)
உப்பு ஒரு சிட்டிகை
இன்ஸ்டன்ட் டிரை ஈஸ்ட், கால் டீஸ்பூனில் பாதி
தண்ணீர், கொதிக்கவைக்க அரை லிட்டரும் ஆற்றிச் சேர்க்க 1.3 லிட்டரும்

பாட்டில் விஷயத்தில் பேரம் கிடையாது. குளிர்பானம் வந்த பிளாஸ்டிக் பாட்டில்தான் வேண்டும், அடியில் ஐந்து குமிழ்க் கால்கள் இருக்குமே, அது. அந்த வடிவம் அழுத்தம் தாங்குவதற்காகவே ஏற்பட்டது. மினரல் வாட்டர் பாட்டில் மெலிசு, உதவாது. ஜாம் பாட்டில், தேன் பாட்டில், அலங்காரக் கண்ணாடி பாட்டில் எதுவும் கூடாது. பிளாஸ்டிக் வெடித்தால் தரை துடைக்கும் வேலை. கண்ணாடி வெடித்தால் ஆஸ்பத்திரி. பாட்டிலை வெதுவெதுப்பான நீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். கொதிநீர் ஊற்றினால் பிளாஸ்டிக் சுருங்கிக் கோணிவிடும், பிறகு அழுத்தம் தாங்காது. மூடியின் உட்பக்கத்தைப் பாருங்கள், நசுங்கியோ வெட்டுப்பட்டோ இருந்தால் கேஸ் கசியும்.

இஞ்சியில் 80 கிராமைத் துருவிச் சர்க்கரை, உப்பு, அரை லிட்டர் தண்ணீரோடு கொதிவந்தபின் 10 நிமிடம் வைத்து இறக்கி, மூடி அரைமணி நேரம் ஊறவிடுங்கள். மீதி 20 கிராமைத் தட்டிப் பிழிந்து தெளியவையுங்கள். ஊறியதை மெல்லிய துணியில் வடித்துச் சக்கையை நன்றாகப் பிழிந்துவிட்டு, ஆறவைத்த 1.3 லிட்டர் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, இஞ்சித் தெளிவு மூன்றையும் சேருங்கள். இந்தக் கட்டத்தில் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கொஞ்சம் தூக்கலாக இனிக்கவேண்டும். இப்போதே அளவாக இருந்தால் நாளை சப்பென்றிருக்கும்.

விரலை விட்டால் சூடு தெரியாத அளவு ஆறியபிறகே ஈஸ்ட். 50 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் சாக ஆரம்பிக்கும், 'பொங்கவே இல்லை' என்ற புகார்களில் பெரும்பாலானவை இங்கே தொடங்குகின்றன. ஈஸ்ட் பழசோ என்று சந்தேகமிருந்தால் கால் டம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு கரைத்துவையுங்கள், 10 நிமிடத்தில் மேலே நுரை கட்டவேண்டும். கட்டாவிட்டால் வேறு பாக்கெட் வாங்குங்கள்.

ஈஸ்டின் அளவைப் பார்த்து 'இத்தனூண்டா?' என்று தோன்றும், தோன்றட்டும். கூடப்போட்டால் கேஸ் சீக்கிரம் வரும், கூடவே பன் வாசனையும் வரும். பேக்கரி வாசத்தில் ஜிஞ்சர் ஏல் குடிப்பது நன்றாயிருக்காது.

புனல் வைத்து பாட்டிலில் ஊற்றுங்கள். கழுத்துக்குக் கீழே இரண்டு விரல் இடம் காலியாக இருக்கட்டும். மூடியை முழுப் பலத்தோடு இறுக்கி, ஒரு பக்கெட்டுக்குள் அல்லது பெரிய பாத்திரத்துக்குள் நிறுத்தி, வெயில்படாத மூலையில் வைத்துவிடுங்கள்.

கை வைத்துப் பார்ப்பது

மூடியவுடன் பாட்டிலின் விலாவை விரலால் அமுக்கிப் பாருங்கள். உள்ளே போகும். அந்த நெகிழ்வை விரல் ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும். கோடையில் மூடி 8 மணி நேரம் ஆனதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கொருதரம் அமுக்குங்கள். முதலில் பழுத்த தக்காளிபோல் கொடுக்கும், பிறகு நல்ல கொய்யாக்காய்போல் ஆகும், கடைசியில் கட்டைவிரல் பதியாமல் கல்லாக நிற்கும். கல்லான உடனே ஃபிரிட்ஜ். 'இன்னும் ஒரு மணி நேரம் இருக்கட்டுமே' என்ற எண்ணம் வரும், அதைக் கேட்காதீர்கள். அடிக்கால்களுக்கு நடுவே உள்ள குழி வெளியே பிதுங்கி பாட்டில் ஆடினால் ஏற்கெனவே அளவு மீறிவிட்டது. அப்படியே ஃபிரிட்ஜில் வைத்து முழுசாகச் சில்லிட்டபின், தொட்டிமேல் பிடித்துக்கொண்டு மூடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்திக் கேஸை விடுங்கள்.

30 டிகிரியில் 12 முதல் 18 மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. ஆனால் விரலும் கடிகாரமும் மாறுபட்டால் விரலை நம்புங்கள். இரண்டு பாட்டில் போட்டால் இரண்டையும் தனித்தனியே அமுக்கிப் பாருங்கள். அடுப்புப் பக்கம் இருந்தது முந்திக்கொள்ளும்.

பாட்டில் கல்லாக நிற்கும்போது உள்ளே என்ன அழுத்தம்? 30 டிகிரியில், கார் டயரில் உள்ளதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. அதே பாட்டில் ஃபிரிட்ஜில் 4 டிகிரிக்கு இறங்கினால் அழுத்தம் பாதிக்கும் கீழே போய்விடும். கேஸ் எங்கும் ஓடிவிடவில்லை, குளிர்ந்த நீரில் அதிகம் கரையும் என்பதால் நீருக்குள் இறங்கிவிட்டது. அதனால்தான் குறைந்தது 8 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு இரவு, ஃபிரிட்ஜில் கிடக்கவேண்டும். வெளியே இருந்த பாட்டிலை அப்படியே திறந்தால் பாதி பானம் தரைக்குப் போகும், டம்ளரில் விழும் மீதியிலும் கேஸ் இருக்காது. கோலி சோடாவில் கோலியை மேலே தூக்கி ரப்பர் வளையத்தோடு ஒட்டவைத்துக்கொண்டிருப்பதும் இதே அழுத்தம்தான். 1870களில் இங்கிலாந்தின் ஹைரம் காட் கண்டுபிடித்த பாட்டில் அது, அங்கே மறைந்துபோய் நம் ஊரில் நிலைத்துவிட்டது.

ஃபிரிட்ஜ் ஈஸ்டைக் கொல்வதில்லை, தூங்கவைக்கிறது. எனவே ஒரு வாரத்துக்குள் குடித்து முடிக்கவேண்டும், நடுவில் மூன்று நாளுக்கொருமுறை மூடியைத் தளர்த்தி மறுபடி இறுக்கவேண்டும். கரண்ட் நெடுநேரம் போகும் ஊரானால் இது இன்னும் அவசியம். பயணத்துக்கு வெயிலில் காரில் எடுத்துப்போகவே வேண்டாம்.

ஆல்கஹால் கணக்கையும் ஒளிக்கவேண்டியதில்லை. மேலே சொன்னபடி நிறுத்தினால் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும். நாள் கடத்தினால் ஏறும். பதநீர் கள்ளாகும் அதே வேலைதான் இங்கும் நடக்கிறது. பனையேறிகள் கலயத்தில் சுண்ணாம்பு தடவி அதைத் தடுப்பார்கள், நாம் குளிரால் மட்டுப்படுத்துகிறோம், அவ்வளவே. மதக் காரணத்தாலோ உடல்நிலையாலோ விலக்குபவர்களும் குழந்தைகளும் பாகு-சோடா வழியைவிட்டு இறங்கவேண்டாம்.

இனிப்பைக் குறைக்க நினைப்பவர்களுக்கு ஒரு தந்திரம். ஸ்டீவியா போன்ற சர்க்கரையல்லாத இனிப்பை ஈஸ்ட் தின்னாது. லிட்டருக்கு 15 கிராம் மட்டும் சர்க்கரை போட்டு, மீதி இனிப்பை அதில் வைத்துக்கொண்டால் சர்க்கரை தீர்ந்ததும் கேஸும் தானாக நின்றுவிடும். அழுத்தத்துக்கு அங்கேயே ஒரு வரம்பு விழுகிறது.

ஈஸ்ட் பாக்கெட்டே இல்லாமல்

'இஞ்சிக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு' என்பார்கள். கஷாயத்துக்குத் தோலைச் சீவித் தள்ளுவதற்கு அந்தச் சொல்லே காரணம். ஆனால் இந்த முறைக்கு அந்தத் தோல்தான் மூலதனம், ஏனென்றால் இயற்கையில் தானாக வாழும் காட்டு ஈஸ்டும் புளிப்பைத் தரும் லாக்டிக் பாக்டீரியாவும் குடியிருப்பது அங்கேதான்.

ஒரு வாயகன்ற ஜாடியில் 250 மில்லி கொதித்தாறிய தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரை நேரடியாக ஊற்றினால் அதிலுள்ள குளோரின் நாம் வளர்க்க நினைப்பவற்றையே கொன்றுவிடும். மண் போக லேசாக அலசிய இஞ்சியைத் தோலோடு துருவி ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி போட்டுக் கலக்கி, துணியால் வாய் கட்டுங்கள். தினமும் அதே அளவு இரண்டும் சேர்த்து, இரண்டு வேளை கிளறுங்கள். இரண்டாம் மூன்றாம் நாளில் கிளறும்போது சுற்றிலும் சிறு குமிழ்கள் சரசரவென்று எழும், காதைக் கிட்டே கொண்டுபோனால் மெல்லிய இரைச்சல் கேட்கும். புளித்த இஞ்சி வாசம் வரும். அதுதான் பதம். குளிர் ஊரில் ஒரு வாரம்கூட ஆகலாம்.

இதில் வடித்த நீர் லிட்டருக்கு 60 மில்லி வீதம், ஈஸ்டுக்குப் பதிலாக. மற்ற எல்லாம் முன்புபோலவே, பாட்டிலை அமுக்கிப் பார்ப்பது உட்பட. காட்டு ஈஸ்டின் வேகம் ஒவ்வொரு முறையும் மாறும் என்பதால் கவனம் கூடுதலாகவே தேவை. சுவை பாக்கெட் ஈஸ்டைவிட ஆழமானது, லேசான புளிப்போடு. நேரமிருந்தால் இதையே செய்யச் சொல்வோம். எடுத்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி இஞ்சியும் சர்க்கரையும் போட்டு வளர்த்துக்கொண்டே இருக்கலாம். இங்கிலாந்தில் தலைமுறையாகக் கைமாறிய 'ஜிஞ்சர் பீர் செடி' வேறு: ஜவ்வரிசிபோல் குருணையாக இருக்கும் ஈஸ்ட்-பாக்டீரியாக் கூட்டணி அது. ஹாரி மார்ஷல் வார்டு என்ற தாவரவியலாளர் 1892இல் அதை ஆராய்ந்து எழுதினார்.

ஜாடியில் பச்சை, கறுப்பு நிறத்தில் பூசணம் பூத்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். மேலே வெள்ளையாக மெல்லிய ஆடை படிந்தால் அது வேறு வகை ஈஸ்ட். எடுத்துப்போட்டுவிட்டு அடிக்கடி கிளறினால் அடங்கும். கரண்டியைத் தூக்கினால் வெண்டைக்காய்க் கொழகொழப்பாய் நூல் இழுக்கிறதா? லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா சர்க்கரையைப் பசையாக்குகிறது. இட்லி மாவைப் பொங்கவைப்பதும் இதே குடும்பம்தான், ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. குடிக்கத்தான் பிடிக்காது. புதிதாகத் தொடங்குவது சுலபம்.

கோளாறு எங்கே

ஒரு நாள் கழிந்தும் பாட்டில் நெகிழ்வாகவே இருந்தால் இரண்டில் ஒன்று: ஈஸ்ட் செத்தது, அல்லது மூடி கசிகிறது. பாட்டிலைத் தண்ணீரில் கவிழ்த்து அமுக்கினால் கசிவு குமிழாகக் காட்டிக்கொடுத்துவிடும். மூடி சரியென்றால் ஒரு சிட்டிகை புது ஈஸ்ட் போட்டு மறுபடி மூடலாம், பானம் வீணாகாது.

நன்றாகக் குளிர்ந்தும் திறந்தவுடன் சீறிப் பொங்கினால் உள்ளே துருவல் துணுக்கு இருக்கிறது. லெமன் சோடாவில் உப்பு போட்டதும் நுரைத்து எழுவதைப் பார்த்திருப்பீர்கள். உப்புக் கல்லின் சொரசொரப்பில் கேஸ் குமிழ் கட்டுகிறது. இஞ்சி நாரும் அதையேதான் செய்யும். அடுத்தமுறை இருமடிப்புத் துணியில் வடியுங்கள்.

இனிப்பே இல்லாமல் வறண்டு, சாராய வாடை அடித்தால் நேரம் கடந்துவிட்டது. அதைச் சர்க்கரை போட்டுச் சரிசெய்து மறுபடி மூடிவைத்தால் இன்னும் ஒரு சுற்று கேஸ் கிளம்பும் என்பதை மறக்கவேண்டாம். டம்ளரில் ஊற்றியபிறகு பாகு சேர்த்துக் குடித்துவிடுங்கள். அடியில் பழுப்பாகப் படிந்திருப்பது ஈஸ்ட். பாட்டிலைக் குலுக்காமல் சாய்த்து ஊற்றி, கடைசி இரண்டு விரல் அளவை விட்டுவிட்டால் அது டம்ளருக்கு வராது.

கருப்பட்டியோ நாட்டுச்சர்க்கரையோ போட்டால் நிறம் கறுத்து மணம் கூடும், ஆனால் இஞ்சி பின்னுக்குப் போகும். பாதி வெள்ளைச் சர்க்கரை, பாதி கருப்பட்டி நல்ல அளவு. கருப்பட்டியைத் தனியே கரைத்து மணல் போக வடிகட்டிச் சேருங்கள்.

பிழிந்த சக்கையில் இன்னும் மணம் மிச்சமிருக்கும். வெயிலில் இரண்டு நாள் காயவைத்து டப்பாவில் போட்டுக்கொண்டால் டீ கொதிக்கும்போது ஒரு சிட்டிகை போடலாம்.